விமானத்தில் வைஃபை: பிசினஸ் கிளாசுக்கு மட்டும் இலவசமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் முழுக்க வாடிக்கையாளர்கள். முன்பெல்லாம் லக்கேஜ் எத்தனை கிலோ என்பதுதான் முதல் கேள்வி. இப்போது அதன் முதுகிலேயே வைஃபை கேள்வியும் ஏறி வருகிறது: உண்டா, சும்மா கொடுப்பார்களா, முன்னால் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தானா? நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். விமான நிறுவனங்கள் சலுகையையும் கட்டணத்தையும் நினைத்தபோது மாற்றிவிடும். டிக்கெட் எடுக்கும் அன்று அவர்களுடைய தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பிசினஸ் கிளாஸ் பயணிக்கு இணையம் இலவசமாகக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

கொடுக்க வேண்டும். எகானமி டிக்கெட்டைப் போல மூன்று, நான்கு மடங்கு வாங்கிக்கொண்டு, படுக்கையாக விரியும் இருக்கையும் பீங்கான் தட்டில் சாப்பாடும் கொடுத்துவிட்டு, இணையத்துக்கு மட்டும் தனியாகப் பத்து டாலர் கேட்பது அற்பத்தனம். அந்தப் பத்து டாலரால் எந்த நிறுவனமும் பணக்காரனாகிவிடப் போவதில்லை. பயணி முகம் சுளிப்பதுதான் மிச்சம்.

ஆனால் 'பிசினஸ் கிளாசுக்கு மட்டும்' என்று யாராவது சேர்த்தால் அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைந்தபட்சம் வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் அளவுக்காவது பின்வரிசை வரைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கூடக் கொடுத்தவருக்கும் குறையக் கொடுத்தவருக்கும் ஒரே சலுகை என்றால், கூடக் கொடுத்தவர் ஏமாளியா?

நியாயமான கேள்வி. துபாயில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் இதைக் கோபமாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரியில் தண்ணீர் வரும் தெருவில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைப்பது நியாயம். குழாயில் தண்ணீர் வந்த பிறகும் அதே குடக்கணக்கை வைத்துக் காசு வாங்கினால் அது வியாபாரம். விமான இணையமும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. பழைய கருவி பொருத்திய விமானத்தில் மொத்தமாகவே கொஞ்சம்தான் வரும். அங்கே முன்வரிசைக்கு முதலுரிமை கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். புதிய செயற்கைக்கோள் இணைப்பு உள்ள விமானத்தில் எல்லாருக்கும் போதுமான அளவு இருக்கிறது. அங்கேயும் எகானமி பயணியைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் அதற்குக் காரணம் பற்றாக்குறை இல்லை, பேராசை.

கூடக் கொடுத்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வழியா இல்லை? வேகத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். இரண்டு, மூன்று கருவிகளை இணைக்க விடலாம். வீடியோ பார்க்க அனுமதிக்கலாம். அடுத்தவருக்கு இல்லாமல் செய்தால்தான் தனக்குச் சிறப்பு என்று நினைப்பவரைத் திருப்திப்படுத்துவது யாராலும் ஆகாது.

வானத்தில் இணையம் எப்படி வருகிறது? கோபுரமா, செயற்கைக்கோளா?

இரண்டும் உண்டு. அமெரிக்காவில் தரையில் நிற்கும் கோபுரங்களை மேல்நோக்கித் திருப்பி வைத்து, விமானத்தின் வயிற்றில் ஆன்டெனா பொருத்தி 2008இல் தொடங்கினார்கள். ஒரு விமானத்துக்கு மொத்தமாகக் கிடைத்ததே நொடிக்குச் சுமார் 3 மெகாபிட். நூற்றைம்பது பேர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று நம் வீட்டில் ஒரு பிள்ளை கார்ட்டூன் பார்க்க அது போதாது. தவிர, கடலுக்கு மேல் கோபுரம் நட முடியாது. அரபிக் கடலையும் வங்கக் கடலையும் தாண்டிப் போகும் நம்மவர்களுக்குச் செயற்கைக்கோள்தான் வழி.

செயற்கைக்கோளிலும் இரண்டு வகை. பழைய வகை, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நீங்கள் ஒன்றைக் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போய்த் தரைநிலையத்துக்கு இறங்கி, பதில் மறுபடி மேலே போய் உங்களிடம் இறங்க வேண்டும். ஏறக்குறைய 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். பக்கம் திறக்கத் தயங்குவதும், பேச்சு இடறுவதும் அதனால்தான். புதிய வகை தாழ்வான சுற்றுப்பாதையில், ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தாமதம் தெரிவதே இல்லை, கொள்ளளவும் அதிகம்.

நம் நாட்டு இஸ்ரோ உருவாக்கிய ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏவப்பட்டது. எடை 4,700 கிலோ, கொள்ளளவு நொடிக்கு 48 கிகாபிட். இந்திய வான்வெளியில் விமான இணையம் தருவதும் அதன் வேலைகளில் ஒன்று. அது உயரத்தில் நிற்கும் வகைதான் என்றாலும் பழையவற்றைவிடப் பல மடங்கு தாங்கும்.

இத்தனை ஆண்டுகள் காசு வாங்கியவர்கள் இப்போது ஏன் சும்மா தருகிறார்கள்? திடீர்க் கருணையா?

கருணையெல்லாம் இல்லை. கதையைக் கேளுங்கள்.

போயிங் நிறுவனமே 'கனெக்‌ஷன்' என்ற பெயரில் செயற்கைக்கோள் இணையத்தை 2004இல் லுஃப்தான்சா விமானங்களில் கொண்டுவந்தது. கருவி கனம், செலவு அதிகம், காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. 2006 முடிவில் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் கட்டணம் வைத்துத்தான் ஓட்டினார்கள். கட்டணம் வைத்தால் வாங்குகிறவர்கள் விமானத்தில் ஒரு கைப்பிடிப் பேர்தான். அவர்களில் பலருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும். பில்லை அலுவலகத்தில் நீட்டுகிறவருக்கு இருபது டாலரும் ஒன்றுதான், முப்பது டாலரும் ஒன்றுதான். இந்த ஒரு கூட்டத்தை நம்பித்தான் விலை அவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது என் எண்ணம்.

பிறகு போட்டி வந்தது. அமெரிக்காவின் ஜெட்புளூ 2017இலேயே தன் எல்லா விமானங்களிலும் எல்லாருக்கும் இலவசமாக்கியது. டெல்டா 2023 பிப்ரவரி முதல் உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் தன் பயணிச் சலுகைத் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு இலவசம் என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலை 1 முதல் எகானமி பயணிக்கும், அதன் கிரிஸ்ஃபிளையர் சலுகைத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், வரம்பில்லாத வைஃபை தருகிறது. அதற்கு முன் அங்கேயும் வரம்பில்லா இணையம் உயர்வகுப்புச் சலுகைதான். கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் ஸ்டார்லிங்க் பொருத்திய 777 விமானத்தை இறக்கி, எல்லா வகுப்புக்கும் இலவசம் என்று அறிவித்தது. எமிரேட்ஸும் 2025 நவம்பரில் அதே பாதையில் போவதாக அறிவித்துவிட்டது.

ஒருவன் இறங்கினால் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் கார் வாடகை இறங்குவதும் இப்படித்தானே.

அப்படியென்றால் செலவை யார் சுமக்கிறார்கள்?

நாம்தான். விமானத்தின் முதுகில் மீன்துடுப்பைப் போல ஒரு மூடி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்தான் ஆன்டெனா. அது காற்றைத் தடுக்கும், எடையைக் கூட்டும், எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். பொருத்துவதற்கு விமானத்தைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டும். நிற்கும் விமானம் சம்பாதிக்காது. இந்தச் செலவு முன்வரிசை டிக்கெட்டில் மட்டும் ஏறுவதில்லை. கடைசி வரிசையில் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரின் டிக்கெட்டிலும் ஏறுகிறது.

எகானமிக்கும் கொடுங்கள் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான். ஆன்டெனாவின் கனத்தை அவரும் சுமக்கிறார். பிசினஸ் கிளாஸ்காரர் கூடுதலாகச் சுமக்கிறார், மறுக்கவில்லை. ஆகவே கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். முழுதுமாக எடுத்துக்கொள்ள நியாயமில்லை.

இன்னொரு விலையும் இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் இலவசம் என்பதற்குப் பொருள், உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் பயண வரலாறும் அவர்களிடம் போகிறது என்பதுதான். ஜெட்புளூவுக்கு அமேசானும் டெல்டாவுக்குக் கைபேசி நிறுவனமான டி-மொபைலும் தோள் கொடுத்தது தர்மத்துக்காக இல்லை. எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் கிடையாது. தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

எகானமி பயணிக்கு நான்கு மணி நேரம் இணையம் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?

பெரும்பாலும் முழுகாது. படம் பார்க்கலாம், தூங்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கும் ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

ஊரில் வாப்பா மௌத்தாகிவிடுகிறார். மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். கிடைத்த விமானத்தில், கிடைத்த விலையில், எகானமியின் நடு இருக்கையில் ஏறுகிறான். அடக்கத்தைத் தள்ளிப்போடுவது எங்கள் வழக்கமில்லை. மகன் வந்து சேருவானா என்பதைப் பொறுத்துத்தான் ஜனாஸாவை, அதாவது உடலை, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு எடுப்பதா, மஃரிபு என்னும் அந்தித் தொழுகை வரை வைத்திருப்பதா என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருக்கும். மதுரையில் இறங்கி, குடியேற்றப் பிரிவின் வரிசையில் நின்று, வெளியே வந்து காரில் கீழக்கரைக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். இங்கே ஜமாத்தார் வாசலில் நிற்கிறார்கள். 'தம்பி எங்கே வருகிறான்?' என்று ஆளாளுக்கு எனக்குத்தான் போன் செய்கிறார்கள். நான் விமானத்தைத் தடம் காட்டும் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கடலைத் தாண்டிவிட்டது, கேரளாவுக்கு மேலே வருகிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனால் 'ஒரு மணி நேரம் தாமதம், காத்திருங்கள்' என்று நான்கு சொல் அனுப்ப முடிந்தால் போதும். எழுத்துச் செய்திக்குச் செலவாகும் தரவு ஒரு புகைப்படத்துக்கு ஆவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதே விமானத்தின் முன்வரிசையில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதை நான் குற்றம் சொல்லவில்லை. இரண்டில் எதற்கு முதலில் வழிவிட வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

மதுரை, திருச்சியிலிருந்து போகும் விமானங்களில் இணையம் கிடைக்குமா?

எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த வழித்தடங்களில் பறப்பவை பெரும்பாலும் குறைந்த கட்டண நிறுவனங்களின் சிறிய விமானங்கள். சிலவற்றில் 'வைஃபை' என்று எழுதியிருக்கும். இணைத்துப் பார்த்தால் விமானத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் சேமித்து வைத்த படங்களும் விளையாட்டுகளும்தான் வரும். அது இணையம் இல்லை. மதுரை–கொழும்பு பற்றிக் கேட்கவே வேண்டாம். பெல்ட்டைக் கழற்றச் சொல்வதற்குள் மன்னார் வளைகுடாவைத் தாண்டியிருப்பீர்கள்.

இணையம் வேண்டும் என்றால் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து பெரிய விமானத்தில் போக வேண்டும். அதற்காக மட்டும் ராமநாதபுரத்திலிருந்து இரவு முழுக்க ரயிலில் சென்னைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நானே தடுத்துவிடுவேன்.

நம் மாவட்டத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே?

உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. நமக்கு டிக்கெட் கிடையாது.

இந்திய நிறுவனங்களில் யார் தருகிறார்கள்?

முதலில் தொடங்கியது விஸ்தாரா. 2020 செப்டம்பரில் தன் 787-9 விமானங்களில். 2024இல் வெளிநாட்டு விமானங்களில் எல்லாருக்கும் 20 நிமிடம் இலவசம் என்றார்கள். 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. ஏர் இந்தியா 2025 ஜனவரி 1 அன்று ஏ350, 787-9, சில ஏ321 நியோ விமானங்களில் உள்நாட்டுப் பயணத்துக்கும் வைஃபை என்று அறிவித்தது. அறிமுகக் காலத்துக்கு இலவசம், வகுப்பு வேறுபாடு இல்லை. அந்த 20 நிமிட ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒருவருடைய அவசரத்துக்கு அது போதும்.

இந்தியாவுக்கு மேலே வந்ததும் இணைப்பு நின்றுவிடுகிறது என்கிறார்களே?

முன்பு அப்படித்தான். நம் வான்வெளியில் இந்தச் சேவைக்குச் சட்டமே 2018 டிசம்பரில்தான் வந்தது: விமானம் மற்றும் கடல்சார் இணைப்பு விதிகள். வெளிநாட்டு விமானமாக இருந்தாலும் இங்கே உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் சேவை தர வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யாத விமானத்தில் நம் எல்லை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இங்கே உரிமம் கிடைத்தது 2025 ஜூனில்.

உயரக் கணக்கும் உண்டு. கைபேசிச் சேவைக்குத் தரையிலிருந்து 3,000 மீட்டர் தாண்ட வேண்டும். வைஃபைக்கு 2024 நவம்பரில் விதியைத் திருத்தினார்கள். மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்ததும் இணையத்தைத் திறந்துவிடலாம்.

காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். விமானத்தில் ஏறிய பிறகு அட்டையில் கட்டலாம்தானே?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

வைஃபையை இணைத்ததும் ஒரு பக்கம் திறக்கும். திட்டத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். அட்டை எண்ணை அடிப்பீர்கள். பிறகு 'உங்கள் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்' என்று வரும். வங்கி அனுப்பத்தான் செய்யும். ஆனால் உங்கள் சிம் விமானப் பயன்முறையில் உறங்குகிறது. அந்தக் குறுஞ்செய்தி மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, சுங்க அறிவிப்புக்கும் டாக்ஸி விளம்பரத்துக்கும் நடுவில் வந்து விழும். மின்னஞ்சலில் பார்க்கலாம் என்றால் அதற்கும் இணையம் வேண்டும். இணையம் வாங்குவதற்கு இணையம்!

வெளிநாட்டுத் தளங்கள் சில ஓ.டி.பி. கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் அதை மூடி வைத்திருப்பார்கள், மூடி வைப்பதும் நல்லதுதான். நிறுவனம் அனுமதித்தால் வீட்டிலிருந்தே முன்கூட்டி வாங்கிவிடுங்கள். இலவசச் செய்திச் சேவைக்கு உறுப்பினர் எண் தேவை என்றால் அதையும் தரையில் இருக்கும்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசைக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் தெரியாது. இருக்கை எண்ணையும் பெயரையும் அடித்தால் திறந்துகொள்ளும். இலவசம் யாருக்கு இல்லையோ, அவர் காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் கொடுப்பதற்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கட்டணம் வைத்துத்தான் தீருவோம் என்கிறவர்கள் முதலில் இந்த ஓட்டையை அடைக்கட்டும்.

பிசினஸ் கிளாசில்தான் போனேன். இருக்கை எண், குடும்பப் பெயர் இரண்டும் கேட்டது. பெயரை அடித்தால் தவறு என்கிறது. ஏன்?

நமக்குக் குடும்பப் பெயர் ஏது! பாஸ்போர்ட்டில் அந்த இடம் பலருக்கு வெறுமையாக இருக்கும், அல்லது வாப்பா பெயர் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது நிறுவனத்தின் விதிப்படி உங்கள் பெயரையே இரண்டு முறை போட்டிருப்போம், அல்லது ஏதோ மூன்றெழுத்துக் குறி போட்டிருப்போம். பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிக்காதீர்கள். போர்டிங் பாஸில் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதை இடைவெளி விடாமல் அப்படியே அடியுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். இதற்குத்தானே கூடுதல் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

வைஃபையே வேண்டாம். சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால்?

தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு அனுபவம் இருக்கும். அரிச்சல்முனையில் நின்றால் சில நேரம் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு வந்துவிட்டதாக வரவேற்புச் செய்தி காட்டும். சில விமானங்களிலும் அதேபோல உள்ளேயே ஒரு சின்னக் கைபேசி வலையமைப்பு இருக்கும். விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு, தரவு ரோமிங்கையும் திறந்து வைத்தால் அது பிடித்துக்கொள்ளும். பேக் போடாமல் பிடித்துக்கொண்டால் மாதக் கடைசியில் பில் கட்டுகிறவர் நீங்கள்தான்.

பேக் போட்டுக்கொண்டால் பயமில்லை. ஜியோ 2020இல் 499 ரூபாயிலும் ஏர்டெல் 2024 பிப்ரவரியில் 195 ரூபாயிலும் விமானத்துக்கென்றே ஒருநாள் பேக்குகளைத் தொடங்கின. இரண்டிலும் அப்போது ஆகக் குறைந்ததற்குக் கிடைத்தது 250 எம்.பி. செய்தி அனுப்ப அது தாராளம். நீங்கள் ஏறும் விமான நிறுவனம் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

வரம்பு தாண்டினால் பெரிய பில் வரும் என்பது உண்மையா?

நடந்திருக்கிறது. 2014இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு கனடாக்காரருக்கு 1,171 டாலர் பில் வந்தது. முப்பது எம்.பி. பேக் வாங்கி, மின்னஞ்சல் பார்த்து, ஒரு கோப்பை ஏற்றியிருக்கிறார்; மீதியெல்லாம் கூடுதல் பயன்பாட்டுக் கட்டணம். எம்.பி. கணக்கில் விற்ற காலத்துக் கதை அது. இப்போது நேரக் கணக்கிலோ பயணக் கணக்கிலோ விற்பவர்கள்தான் அதிகம்; எம்.பி. கணக்கு இன்னும் இருந்தால், புகைப்படங்கள் தாமாகவே கிளவுட் எனப்படும் இணையச் சேமிப்புக்குப் போவதை முதலில் நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசலாமா?

பெரும்பாலான நிறுவனங்கள் குரல், வீடியோ அழைப்பை அடைத்தோ தடை செய்தோ வைத்திருக்கின்றன. நான் அதை மனமார ஆதரிக்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு உம்மாவிடம் நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்ததா என்று விசாரிப்பதை நான்கு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், நீங்களும் ஆதரிப்பீர்கள். எழுதி அனுப்பட்டும். இந்த ஒரு விஷயத்தில் பிசினஸ் கிளாஸ்காரருக்கும் விலக்கு கொடுக்கக் கூடாது.

கடைசி நேரத்தில் பிசினஸ் கிளாசுக்கு உயர்த்திக்கொண்டால் இலவச இணையமும் சேர்ந்து வருமா?

இருக்கையை வைத்துக் கணக்கிடும் நிறுவனத்தில் வரும். டிக்கெட் வகையையோ உறுப்பினர் தரத்தையோ பார்க்கும் நிறுவனத்தில் வராமலும் போகலாம். காலி பிசினஸ் இருக்கைக்கு நடக்கும் ஏலத்தில் பணம் கட்டி உயர்த்தும்போது பட்டியலில் என்னென்ன சேர்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். ஓய்வறை, லக்கேஜ், இணையம் மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும்.

வானத்தில் போகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு. கடலில் போகிற எங்களுக்கு?

பாம்பன்காரர் ஒருவர், மகனைக் கத்தாருக்கு அனுப்ப வந்தபோது கேட்டார். மேலே சொன்ன 2018 விதிகளின் பெயரிலேயே கடலும் இருக்கிறது; சட்டப்படி கப்பலுக்கும் இதே சேவை உண்டு. விசைப்படகுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இல்லை, அவ்வளவுதான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கைபேசி செத்துவிடுகிறது. ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் என்னும் செயற்கைக்கோள் செய்திக் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் செய்தி அனுப்பலாம், எல்லைக்கு அருகில் போனால் எச்சரிக்கும். படம் பார்க்க முடியாது. ஆனால் உயிருக்குத் தேவையான நான்கு சொல் எல்லாருக்கும் இலவசம், மீதி வேண்டுமானால் காசு என்ற கணக்கு அதில் சரியாக இருக்கிறது. விமான நிறுவனங்களிடம் நான் கேட்பதும் அதற்கு மேல் அதிகமில்லை.

காசு கட்டியும் வைஃபை வேலை செய்யவில்லை. பணம் திரும்புமா?

தனியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் திரும்பும். பிழை காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள், விமான எண்ணும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள், பணம் வாங்கிய நிறுவனத்துக்கு இறங்கிய அன்றே எழுதுங்கள். அது விமான நிறுவனமாக இல்லாமல் சேவை தரும் வேறு நிறுவனமாக இருக்கலாம். ரசீதில் பெயர் இருக்கும். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு சேர்ந்து வந்த இலவச வைஃபை வேலை செய்யாவிட்டால் திருப்பித் தர ஒன்றுமில்லை என்பார்கள். விடாதீர்கள், புகார் எழுதுங்கள். சிலருக்கு மைல்களாக, அதாவது அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படும் புள்ளிகளாக, கொடுத்திருக்கிறார்கள். எழுதத் தெரியவில்லை என்றால் போர்டிங் பாஸை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், அஸருக்குப் பிறகு இருப்பேன்.